எடை அறியும் அதிர்வு: கைபேசி வடிகட்டியின் மறுபக்கம்

இந்தியாவில் 4ஜி சேவைக்குப் பயன்படும் அலைப்பட்டைகளுள் 40ஆம் எண் பட்டை 2300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2400இல் முடிகிறது. வைஃபையும் புளூடூத்தும் புழங்கும் பட்டை அதே 2400இல் தொடங்குகிறது. இடைவெளி என்று சொல்ல நடுவில் எதுவும் இல்லை. கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக மாற்றி மடிக்கணினிக்கு இணையம் கொடுக்கிறோம். அப்போது கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையை அந்தக் கைபேசி 2400க்குச் சற்றுக் கீழே கேட்டுக்கொண்டிருக்கும். சில சென்டிமீட்டர் தள்ளி, அதே மின்பலகையில் இருக்கும் வைஃபை 2400க்குச் சற்று மேலே பேசிக்கொண்டிருக்கும். வைஃபை வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 50 மில்லிவாட். கோபுரம் தொலைவில் உள்ள ஓர் ஊரில் கைபேசிக்கு வந்துசேரும் ஆற்றலோ ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். இரண்டுக்கும் ஐம்பதாயிரம் கோடி மடங்கு வித்தியாசம்.

இந்த இரண்டையும் மென்பொருளைக் கொண்டு பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. மென்பொருளின் கைக்கு எண்களாகப் போய்ச் சேர்வதற்கு முன் சமிக்ஞை பெருக்கப்பட வேண்டும். பக்கத்தில் இத்தனை பெரிய ஓசை இருந்தால் பெருக்கி அதிலேயே திணறி, மெல்லியதைத் தொலைத்துவிடும். ஆகவே பெருக்கிக்கு முன்பே, ஆன்டெனாவை ஒட்டியே, வேண்டாததைத் தடுத்தாக வேண்டும். அதைச் செய்வது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு சில்லு. அதற்கு மின்கலத் தொடர்பு கிடையாது; டிரான்சிஸ்டர் ஒன்றுகூட அதில் இல்லை. உள்ளே வரும் மின்னலையை ஒலியாக மாற்றி, அந்த ஒலியைத் திண்மப்பொருளுக்குள் எதிரொலிக்கவிட்டு, மீண்டும் மின்னலையாக்கி வெளியே அனுப்புகிறது. இன்றைய உயர்வகைக் கைபேசி ஒன்றில் இப்படிப் பல டஜன் வடிகட்டிகள் இருக்கின்றன.

இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் தகவல்தொடர்பு என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கிவிடுவார்கள். இதே இயற்பியலில் இயங்கும் வேதி உணரிகளும் உயிரி உணரிகளும் வேறொரு தலைப்பின் கீழ்ப் போய்விடும். எனக்கு இந்தப் பிரிவினையில் உடன்பாடில்லை. வடிகட்டி என்று நாம் அழைப்பது அடிப்படையில் ஒரு தராசு. தன்மேல் அமரும் எடை, தன்னைத் தொடும் வெப்பம், தன்னைச் சூழும் வாயு என எல்லாவற்றையும் உணரும் இயல்பு அதற்குப் பிறவியிலேயே உண்டு. அந்த இயல்பை அடக்கிவைப்பதில்தான் வடிகட்டிப் பொறியாளரின் உழைப்பில் பெரும்பங்கு கழிகிறது. உணரி செய்பவர் அதே இயல்பைத் திறந்துவிடுகிறார்.

ஏன் ஒலி?

ஓர் ஒத்ததிர்வி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் அதன் உடல் அந்த அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். 2400 மெகாஹெர்ட்ஸ் மின்காந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். கைபேசிக்குள் அதற்கு இடமில்லை. அதே அதிர்வெண்ணில் ஒலி ஒரு படிகத்தின் மேற்பரப்பில் நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் போனால் அதன் அலைநீளம் 1.7 மைக்ரான்தான். எழுபத்தையாயிரம் மடங்கு சுருக்கம், வேகத்தின் வித்தியாசத்தால் மட்டுமே கிடைக்கிறது. போதாததற்கு, நல்ல படிகத்தில் ஒலி எளிதில் ஓய்வதில்லை. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்றில் மின்சாரம் வெப்பமாகிக் கரைவதைவிடப் பலமடங்கு மெதுவாகவே கரைகிறது. வடிகட்டியின் விளிம்பு செங்குத்தாக விழ வேண்டுமானால் இந்தக் கரையாமை இன்றியமையாதது.

மின்சாரத்தை ஒலியாக்கும் வழி பழையது. 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்கள். இதன் மறுதலையும், அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதும், உண்மையாக இருக்க வேண்டும் என்று மறு ஆண்டே காப்ரியேல் லிப்மன் வெப்ப இயக்கவியலின் வழியே கணித்தார். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். 1885இல் ரேலி பிரபு, ஒரு திண்மத்தின் மேற்பரப்பை ஒட்டியே தவழ்ந்து போகும் ஓர் அலை இருக்க முடியும் என்று கணக்கிட்டு எழுதினார். நிலநடுக்கங்களில் அதற்குப் பங்கிருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அது சரியாகவும் இருந்தது. ஆனால் பூமியை உலுக்கும் அதே அலை ஒருநாள் நகத்தளவுப் படிகத்தின் மேல் ஓடும் என்பதற்கு அந்தக் கட்டுரையில் தடயமில்லை.

எண்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், பெர்க்லியில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஒயிட்டும் வோல்ட்மரும் அந்தக் கதவைத் திறந்தார்கள். இரண்டு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல், ஒன்றுக்குள் ஒன்று புகுந்த உலோகக் கோடுகளைப் படிகத்தின் மேல் பதித்தார்கள். மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்க, விரல்களுக்கு இடையில் படிகம் நெளிந்து, மேற்பரப்பு அலை கிளம்புகிறது. எந்த அதிர்வெண் என்பதை விரல்களின் இடைவெளி தீர்மானிக்கிறது. சில்லு செய்யும் தொழிலுக்குக் கோடு போடுவதைவிட எளிய வேலை வேறில்லை. ராடார்க்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தொலைக்காட்சி. அதுவரை ஒவ்வொரு பெட்டியிலும் வரிசையாகச் சுருள்கள் இருந்தன; தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அந்த வரிசை முழுவதையும் ஒரு சிறிய உலோகக் குப்பி நீக்கியது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் டியூனருக்குப் பக்கத்தில் நிற்கும் 'சா ஃபில்டர்' என்ற இந்த மேற்பரப்பு அலை வடிகட்டி தெரியும். நம் நாட்டுப் பெட்டிகளில் அது 38.9 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணைக் காவல் காத்தது.

கைபேசியின் அதிர்வெண் அதைவிட ஐம்பது அறுபது மடங்கு அதிகம். விரல்கள் அந்த அளவுக்கு ஒடுங்க வேண்டும். 2400 மெகாஹெர்ட்ஸில் ஒரு விரலின் அகலம் அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது 0.4 மைக்ரான். பல லட்சம் கைபேசிகளுக்கு மலிவாகச் செய்ய அது எல்லையை நெருங்கும் அளவு. மெல்லிய விரல்கள் அனுப்பும் ஆற்றலைத் தாங்காமல் தேய்வதும் உண்டு. மேற்பரப்பை விட்டுவிட்டு, திண்மத்தின் தடிமனூடாகவே ஒலியை மேலும் கீழுமாகத் துள்ளவிட்டால் என்ன என்ற யோசனை இங்கேதான் பயன்பட்டது. 1980 வாக்கில் அமெரிக்காவில் லேகின் முதலியோர் சிலிக்கானின் மேல் துத்தநாக ஆக்சைடு படலத்தைப் படியவைத்து, அடியில் சிலிக்கானை அரித்தெடுத்து, காற்றில் தொங்கும் அதிர்வியைச் செய்து காட்டினார்கள். அது ஆய்வகத்திலேயே பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

அதை வெளியே இழுத்தது அமெரிக்காவின் சிடிஎம்ஏ கைபேசி. ஜிஎஸ்எம் கைபேசி பேசுவதையும் கேட்பதையும் வெவ்வேறு கணங்களில் செய்தது. சிடிஎம்ஏ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது. அமெரிக்காவின் 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கைபேசி 1850 முதல் 1910 வரை பேசும். 1930 முதல் 1990 வரை கேட்கும். இடைவெளி 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள் வடிகட்டியின் வளைவு உச்சியிலிருந்து பாதாளத்துக்கு விழ வேண்டும். அப்போது அந்த வேலையைச் செய்த பீங்கான் கட்டி, கைபேசியின் தடிமனையே தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதாக இருந்தது. ஹியூலட் பேக்கர்டில் ரிச் ரூபி என்ற இயற்பியலாளரின் குழு 1990களில் அலுமினியம் நைட்ரைடு படலத்தை வைத்து இதற்கு மாற்று தேடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்திலிருந்து 1999இல் பிரிந்த அஜிலன்ட், 2000களின் தொடக்கத்தில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அஜிலன்டின் குறைகடத்திப் பிரிவுதான் பிறகு அவாகோ ஆகி, 2016இல் பிராட்காமை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்டது.

ரவையும் மாலிப்டினமும்

இனி தராசுக்கு வருவோம். அலுமினியம் நைட்ரைடில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 11,000 மீட்டர் வேகத்தில் போகிறது. படலத்தின் தடிமன் அரை அலைநீளமாக இருக்கும்போது அது ஒத்ததிரும். 2400 மெகாஹெர்ட்ஸுக்கு அது 2.3 மைக்ரான், மேலும் கீழும் உள்ள மின்முனைகளின் சுமையையும் கணக்கில் எடுத்தால் படலம் ஒரு மைக்ரானை ஒட்டி இறங்கிவிடும். ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அலுமினியம் நைட்ரைடு படிகத்தின் அடிப்படைக் கட்டம் அரை நானோமீட்டர் உயரம் கொண்டது. அப்படியானால் இரண்டே கட்ட உயரம் கூடினாலோ குறைந்தாலோ அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ் அளவில் நகர்ந்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் வளைவை நிறுத்த வேண்டிய தொழிலில் இது அச்சமூட்டும் எண். எந்தப் படியவைக்கும் எந்திரமும் வேஃபர் எனும் சிலிக்கான் வட்டத்தகட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை இரண்டு படிக அடுக்குத் துல்லியத்தில் படலம் போடுவதில்லை. அதனால் படலம் போட்டபின் வேஃபரின் ஒவ்வொரு பகுதியையும் அளந்து, அயனிக் கற்றையால் அங்கங்கே வெவ்வேறு அளவில் சுரண்டுகிறார்கள். அதிர்வெண்ணைச் சரிசெய்வது என்று தொழிலில் சொல்வதற்கு நடைமுறைப் பொருள் எடை குறைப்பதுதான்.

வடிகட்டியின் சுற்றமைப்பே இந்த எடைக் கணக்கின்மேல் நிற்கிறது. ஓர் ஒத்ததிர்வி மட்டும் வடிகட்டி ஆகாது. ஏணியைப் போல், சமிக்ஞையின் வழியில் சில அதிர்விகளையும் வழியிலிருந்து தரைக்கு இறங்கும் கிளைகளில் சிலவற்றையும் வைக்கிறார்கள். வழியில் உள்ளவை ஒத்ததிரும்போது சமிக்ஞை தடையின்றிப் போகிறது. கிளையில் உள்ளவை ஒத்ததிரும்போது சமிக்ஞை தரைக்குள் வடிந்துவிடுகிறது. ஆகவே கிளையில் உள்ளவை வழியில் உள்ளவற்றைவிட ஓரிரு சதவீதம் தாழ்ந்த சுருதியில் இருக்க வேண்டும். ஆனால் எல்லாமே ஒரே படலத்தில், ஒரே நாளில், ஒரே எந்திரத்தில் செய்யப்பட்டவை; தடிமனும் ஒன்றுதான். பிறகு எப்படிச் சுருதி மாறும்? கிளை அதிர்விகளின் மேல் மட்டும் கூடுதலாக மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றைச் சேர்க்கிறார்கள். எடை ஏறியதும் சுருதி இறங்குகிறது. கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் தொப்பி எனும் இடது முகத்தின் மேல் ஈர ரவையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் சுரண்டி, மீண்டும் தட்டிப் பார்ப்பாரே, அதே காரியம். ரவைக்குப் பதிலாக இங்கே மாலிப்டினம் போன்ற உலோகம். வலது முகமான வலந்தலையின் கருப்புக் கரணை தோலின் மேல்சுரங்களை ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறது என்பதைச் சி.வி. ராமன் 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார். அந்த ஆய்வும் ஒரு மெல்லிய படலத்தின் மேல் எடையை எங்கே, எவ்வளவு வைப்பது என்ற கேள்விதான்.

எடை ஏற ஏற அதிர்வெண் இறங்கும் என்பது குவார்ட்ஸ் படிகங்களோடு பழகியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1920களில் வால்டர் கேடி குவார்ட்ஸ் ஒத்ததிர்வியை உருவாக்கியபின், வானொலி ஆர்வலர்கள் தங்கள் படிகம் வேண்டிய அதிர்வெண்ணைவிடச் சற்று மேலே நின்றால் அதன் முகத்தில் பென்சிலால் ஒரு கீறல் போடுவார்கள். கிராஃபைட்டின் எடைக்குச் சுருதி இறங்கும். இறக்கம் அதிகமானால் ரப்பரால் அழிப்பார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இந்த உணர்திறன் வேறு முகம் காட்டியது. அமெரிக்க ராணுவ வானொலிகளுக்காக பிரேசிலிலிருந்து வந்த குவார்ட்ஸை வெட்டி, தேய்த்து, லட்சக்கணக்கில் படிகங்கள் செய்தார்கள். தொழிற்சாலையில் சரியாக இருந்தவை சில மாதங்களில், குறிப்பாக ஈரமும் வெக்கையுமான களங்களில், அதிர்வெண் நகர்ந்து பயனற்றுப் போயின. தேய்க்கும்போது மேற்பரப்பில் உண்டான நுண்ணிய சிதைவில் ஈரம் புகுந்து துகள்கள் பெயர்ந்ததுதான் காரணம். கடைசித் தேய்ப்பை விட்டுவிட்டு அமிலத்தில் அரித்து அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்ததும் சிக்கல் தீர்ந்தது. காலத்தைக் காட்ட வேண்டிய படிகம் தன் தோலின் கதையைக் காட்டிக்கொண்டிருந்தது என்று இதைச் சொல்லலாம்.

1959இல் பெர்லினில் குந்தர் சாவர்பிரே இந்தத் தொல்லையை ஒரு சமன்பாடாக எழுதி அளவுகருவி ஆக்கினார். 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் தட்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் அமர்ந்தால் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறையும். இன்றுவரை வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் அறைகளில் ஒரு குவார்ட்ஸ் தட்டு மூலையில் உட்கார்ந்து, படியும் உலோகத்தைத் தன் சுருதியால் எடைபோட்டுச் சொல்கிறது. மேற்பரப்பு அலை வடிகட்டிகளின் விரல்களைப் படியவைக்கும் அறைகளிலும் அதுதான் தராசு. அதாவது வடிகட்டி பிறக்கும் அறையிலேயே அதன் உறவினர் ஒருவர் உணரியாக வேலை பார்க்கிறார்.

சாவர்பிரேயின் கணக்கில் கவனிக்க வேண்டியது அதிர்வெண்ணின் வர்க்கம். படலம் மெலிந்து சுருதி இரட்டித்தால் ஒரே எடைக்கு ஏற்படும் நகர்வு நான்கு மடங்காகும். 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸ் படலத்துக்கு வந்தால், பொருள் வேறானாலும், ஒரு ஹெர்ட்ஸ் நகர்வுக்குத் தேவையான எடை பல்லாயிரம் மடங்கு குறைகிறது. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பலவும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. உயர் அதிர்வெண்ணில் இரைச்சலும் ஹெர்ட்ஸ் கணக்கில் பலமடங்கு பெருகுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு எடையைப் பிரித்தறிய முடியும் என்று நேர்மையாகக் கேட்டால், நுண்படலம் குவார்ட்ஸை அப்படியொன்றும் தோற்கடித்துவிடவில்லை. அதன் வெற்றி வேறு இடத்தில் இருக்கிறது. அதிர்வியின் பக்கம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரே சில்லில் பலவற்றை வைக்கலாம். மாதிரிச் சொட்டு மிகச் சிறியதாக இருந்தால் போதும். வேஃபர் தொழிற்சாலையில் கட்டுக்கட்டாகச் செய்யலாம். தராசின் துல்லியத்தைவிடத் தராசின் விலைதான் இங்கே செய்தி.

தண்ணீருக்குள் இறக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. தடிமன் திசையில் விரிந்து சுருங்கும் படலம் திரவத்தைத் தள்ளி, தன் ஆற்றலையெல்லாம் அதற்குள் ஒலியாகக் கொட்டிவிடும், சுருதி மழுங்கும். படலம் பக்கவாட்டில் வழுக்கும் அதிர்வாக இருந்தால் திரவம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதற்காகப் படலத்தின் படிக அச்சைச் சாய்த்து வளர்க்கிறார்கள். கைபேசி வடிகட்டிகளைப் பெருமளவில் செய்யும் கோர்வோ நிறுவனம் இந்த வழியில் போய், 2021 ஏப்ரலில் கொரோனா வைரஸின் புரதத்தைக் கண்டறியும் சோதனைக் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அவசரகால அனுமதியைப் பெற்றது. அதிர்வியின் மேல் எதிர்ப்புரதம் ஒட்டப்பட்டிருக்கும், வைரஸ் புரதம் வந்து பற்றினால் எடை ஏறும், சுருதி இறங்கும். 2023இல் கோர்வோவின் உயிரிநுட்பப் பிரிவு சோமெடிகா என்ற கால்நடை மருத்துவ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் ட்ரூஃபார்மா கருவி இப்போது நாய், பூனைகளின் தைராய்டு, கார்ட்டிசால் அளவுகளை இதே முறையில் பார்க்கிறது. கைபேசியில் அலையைப் பிரித்த நுட்பம் பூனையின் ரத்தத்தைச் சோதிக்கப் போனது விந்தையாகத் தெரியலாம். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதில் விந்தை இல்லை.

மூடி

அதிர்வியை வடிகட்டியாக வைத்திருக்க வேண்டுமானால் உலகத்தை அதன் மேல் படவிடக் கூடாது. படலத்தின் கீழே குழி, மேலே மூடி. குழி தோண்டும் முறையில் ஓர் அழகு உண்டு: சிலிக்கானில் பள்ளம் வெட்டி, அதைக் கண்ணாடி போன்ற ஆக்சைடால் நிரப்பி, மேலே மட்டம் செய்து, அதிர்வியைக் கட்டி முடித்தபின் நிரப்பியதை அமிலத்தால் கரைத்து வெளியேற்றுகிறார்கள். குழியே வேண்டாம் என்றால் அடியில் ஒலியைத் திருப்பியனுப்பும் அடுக்குகளை வைக்கலாம். வெஸ்டிங்ஹவுஸின் நியூவெல் 1965இலேயே இதை முன்வைத்தார். மூடியை இன்னொரு சிலிக்கான் வேஃபரிலிருந்து செய்து, தங்கத்தால் ஒட்டி, உள்ளே ஈரம் புகாதபடி அடைக்கிறார்கள். செலவில் கணிசமான பங்கு இந்த அடைப்புக்கே போகிறது.

மூடி தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அக்டோபரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மருத்துவமனை ஒன்று எதிர்பாராத சான்று கொடுத்தது. அங்கே புதிதாக எம்ஆர்ஐ எந்திரம் நிறுவும்போது ஹீலியம் கசிந்து, காற்றுக் குழாய்கள் வழியே கட்டடத்துக்குள் பரவியது. சுமார் நாற்பது ஐபோன்களும் ஆப்பிள் கைக்கடிகாரங்களும் செயலிழந்தன. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு எதுவும் ஆகவில்லை. மின்காந்தத் துடிப்பாக இருக்குமோ என்று முதலில் பயந்தார்கள். காரணம் கடிகாரம். வழக்கமான 32 கிலோஹெர்ட்ஸ் குவார்ட்ஸுக்குப் பதிலாக அந்தக் கருவிகளில் சிலிக்கானில் செதுக்கிய நுண் அதிர்வி இருந்தது. அதன் மூடிக்குள் இருந்தது வெற்றிடம். ஹீலியம் அணு மிகச் சிறியது; ஆக்சைடு அடுக்கின் வழியே ஊர்ந்து உள்ளே போய்விட்டது. வெற்றிடத்தில் ஆடப் பழகிய அதிர்வி வாயுவுக்குள் ஆட முடியாமல் திணற, கடிகாரம் நின்றது, கைபேசியும் நின்றது. பல நாட்கள் வெளிக்காற்றில் கிடந்தபின் ஹீலியம் வெளியேறி, பெரும்பாலானவை தாமாகவே உயிர்பெற்றன. ஆப்பிளின் பயனர் கையேட்டிலேயே ஹீலியத்தைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. நாற்பது பேர் தங்களுக்குத் தெரியாமலே நல்லதொரு ஹீலியம் உணரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

வெப்பத்தை மூடியால் தடுக்க முடியாது. பெரும்பாலான திண்மங்கள் சூடானால் இளகும், ஒலி மெதுவாகும், சுருதி இறங்கும். மேற்பரப்பு அலை வடிகட்டிகளுக்கான படிகமான லித்தியம் டான்டலேட்டில் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு நகர்வு. 2400 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 96 கிலோஹெர்ட்ஸ். ஐம்பது டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 5 மெகாஹெர்ட்ஸ். 40ஆம் பட்டைக்கும் வைஃபைக்கும் நடுவில் அந்த 5 மெகாஹெர்ட்ஸை எங்கே வைப்பது? இதற்கு விடை சிலிக்கான் டை ஆக்சைடு. சூடாக்கினால் விறைக்கும் அரிதான பொருட்களுள் அது ஒன்று. விரல்களின் மேல் அதைப் படியவைத்தால் ஒன்றின் இளக்கத்தை மற்றதன் விறைப்பு ஈடுசெய்கிறது. ஆனால் இலவசமில்லை, ஆக்சைடுக்கு மின்சாரத்தை ஒலியாக்கும் குணம் கிடையாது என்பதால் வடிகட்டியின் அகலம் குறைகிறது. மறுபக்கம், வெப்பத்தால் நகரும் அதே குணத்தை ஈடுசெய்யாமல் விட்டுவிட்டால், மின்கலமோ கம்பியோ இல்லாத வெப்பமானி கிடைக்கிறது. உயர் மின்னழுத்தப் பேழைகளுக்குள் கம்பி இழுக்க முடியாத இணைப்புகளில் மேற்பரப்பு அலைச் சில்லுகளைப் பொருத்தி, வெளியிலிருந்து வானொலித் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியிலிருந்து சூட்டைப் படிக்கிறார்கள்.

இந்த வடிகட்டி நுட்பம் ஒரு சிலரின் கையில் மட்டுமே இருப்பதற்கும் எடைக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். சமன்பாடுகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் படலத்தின் அழுத்தத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது, எங்கே எத்தனை அணு அடுக்கைச் சுரண்டுவது, விளிம்பில் என்ன சட்டம் கட்டினால் ஒலி பக்கவாட்டில் கசியாது என்பவை தொழிற்சாலைக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அறிவு. அந்த அறிவுக்கு என்ன விலை என்பதை ஒரு வழக்கு காட்டியது. அவாகோ, ஸ்கைவொர்க்ஸ் நிறுவனங்களின் படல அதிர்வி ரகசியங்களைத் திருடிச் சீனாவில் நிறுவனம் தொடங்கியதாக 2015 மே மாதம் ஆறு சீனக் குடிமக்கள்மேல் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. தியான்ஜின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் கைதானார். 2020இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு கைபேசி உதிரிப்பாகத்துக்குப் பொருளாதார உளவுச் சட்டம் பாய்ந்தது.

அகலும் பட்டை, மெலியும் படலம்

5ஜி வேறொரு பக்கத்திலிருந்து நெருக்குகிறது. வடிகட்டி எவ்வளவு அகலமான பட்டையை விடும் என்பதைப் பொருளின் மின்-ஒலி மாற்றுத்திறன் தீர்மானிக்கிறது. அலுமினியம் நைட்ரைடு மைய அதிர்வெண்ணில் மூன்று நான்கு சதவீத அகலம் தரும். இந்தியா 2022இல் ஏலம்விட்ட 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைக்கற்றை உலகளவில் 3800 வரை நீளும் பட்டையின் பகுதி. அந்த முழுப்பட்டையின் அகலம் 14 சதவீதம். 2009இல் ஜப்பானில் அகியாமா குழுவினர் அலுமினியம் நைட்ரைடில் ஸ்கேண்டியத்தைக் கலந்தால் அழுத்தமின் விளைவு ஐந்து மடங்குவரை ஏறுவதைக் கண்டார்கள். ஸ்கேண்டியம் படிகத்தைக் குலையும் நிலைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. குலையும் விளிம்பில் நிற்கும் படிகம் எளிதில் வளைகிறது. எளிதில் வளைவதால் விறைப்பும் ஒலியின் வேகமும் குறைகின்றன. அதே அதிர்வெண்ணுக்குப் படலம் இன்னும் மெல்லியதாக வேண்டியிருக்கிறது. லித்தியம் நயோபேட்டைச் சில நூறு நானோமீட்டர் தகடாக்கிப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. அதில் முன்னோடியான ரெசொனன்ட் நிறுவனத்தை 2022இல் ஜப்பானின் முராட்டா வாங்கிக்கொண்டது.

கூரிய வடிகட்டி இல்லாததன் விளைவும் அதே ஆண்டில் தெரிந்தது. 2022 ஜனவரியில், அமெரிக்காவில் 3700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பட்டையில் 5ஜி தொடங்கவிருந்தபோது, ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்களை ரத்துசெய்தன. தரையிறங்கும்போது உயரத்தை அளக்கும் வானொலி உயரமானி 4200 முதல் 4400 வரை கேட்கிறது. புதிய சேவை 3980இல் முடிகிறது. 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, கைபேசிக்காரர்களின் கண்ணில் ஒரு வயல்வெளி. ஆனால் அந்த உயரமானிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பக்கத்துப் பட்டையில் செயற்கைக்கோளிலிருந்து வரும் முணுமுணுப்பு மட்டுமே இருந்தது. கூரிய வடிகட்டிக்கு யாரும் செலவழிக்கவில்லை. அதன் பிறகே விமானங்களில் வடிகட்டி பொருத்தும் வேலை நடந்தது. அலைக்கற்றையை ஏலம்விடும் அரசுகள் கோபுரத்தின் தரத்தை வரையறுக்கும் அளவுக்குக் கேட்கும் கருவியின் தரத்தை வரையறுப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஆள் குடிவந்த பிறகே சுவரைப் பற்றிய பேச்சு எழுகிறது.

அதிர்வெண் ஏறும்போது தராசுக் கணக்கு என்ன ஆகிறது என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் படலத்தின் தடிமன் அரை மைக்ரான். ஒரு சதுர மீட்டர் படலம் சுமார் 1.6 கிராம் எடையிருக்கும். மின்முனைகளைச் சேர்த்தால் அது இரட்டிக்கும். நீர் மூலக்கூறுகள் ஒரே அடுக்காக, 0.3 நானோமீட்டர் தடிமனில், மேலே படிந்தால் அதே பரப்பில் அவற்றின் எடை 0.3 மில்லிகிராம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதிர்வெண் அரை மெகாஹெர்ட்ஸ் நகரும். 38.9 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சி வடிகட்டியில் ஒற்றை மூலக்கூறு அடுக்கை யாரும் பொருட்படுத்தியதில்லை. இன்றைய வடிகட்டி வடிவமைப்பில் அரை மெகாஹெர்ட்ஸ் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டிய அளவு. படலம் மெலிய மெலிய, மூடிக்குள் தங்கிவிடும் ஈரம் எவ்வளவு, ஒட்டுப்பசையிலிருந்து கசியும் ஆவி எவ்வளவு என்ற கேள்விகள் வடிகட்டி ஆய்வகத்துக்குள் வருகின்றன. அவற்றுக்கு விடை தேடும் பொறியாளர்கள் புரட்டிப் பார்ப்பது வாயு உணரிகளைப் பற்றிய கட்டுரைகளை.